வெள்ளி வடிகட்டி மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை

வாங்க மாப்ள, வாங்க. சித்தெ இப்படித் திண்ணையில உக்காருங்க. நீங்க வாங்கி மாட்டின ஃபில்டர் பெட்டிக்குள்ள வெள்ளி இருக்குதுன்னு ஊரே பேசுது. போர்த்தண்ணியில இருக்கற பாக்டீரியாவைப் பூராத் தீர்த்துக்கட்டற நானோ வெள்ளியாமே? கேட்டதுலருந்து எனக்கு மனசு நெலைகொள்ளலீங்க. இந்தத் தோட்டத்துல வெள்ளின்னு இருந்ததெல்லாம் எங்கூட்டு அம்மா கால் கொலுசும், சாமி மாடத்துக் குங்குமச் சிமிழுந்தான். இப்ப மோட்டார் குழாய்க்கே வெள்ளி போடற அளவுக்குப் பண்ணையம் வளர்ந்துபோச்சு.

நான் எட்டாவதுல நின்னவன். நீங்க இஞ்சினியரு. அதனால நான் பேசறதை எல்லாம் சந்தேகம்னு வச்சுக்குங்க, புத்திமதின்னு நெனச்சுக்காதீங்க. பேத்தி ஊட்டுக்காரருக்குப் புத்தி சொன்னேன்னு தெரிஞ்சா ராத்திரிக்கு எனக்குச் சோறு வராது.

மொதல் சந்தேகம். அதை வித்த பையன் ரெண்டு டம்ளர் வச்சு வித்தை காட்டினானாமே? ஒண்ணுல நம்ம போர்த்தண்ணி, இன்னொண்ணுல அவன் கொண்டாந்த மிஷின் தண்ணி. ரெண்டுலயும் கம்பியை விட்டுக் கரண்டு குடுத்தான். நம்ம தண்ணி பழுப்பா நொரைச்சுக்கிட்டு வந்துச்சு, அவன் தண்ணி அசையாம நின்னுச்சு. "பாத்தீங்களா சார், இதைத்தான் குடிச்சுட்டு இருக்கீங்க"ன்னான். நீங்க அங்கயே பர்ஸைத் தொறந்துட்டீங்க. பயப்படறதும் ஒரு அறிவுதானுங்க, நான் இல்லைங்கலை. ஆனா அந்தக் கம்பி இரும்பு. தண்ணியில உப்பு கரைஞ்சிருந்தாக் கரண்டு பாயும், கரண்டு பாஞ்சா இரும்பு கரைஞ்சு துருவா வெளிய வரும். டம்ளர்ல வந்த பழுப்பு அவன் கம்பி போட்ட பழுப்பு, நம்ம பூமி போட்டதில்லை. அதே கம்பியை ஒரு எளநியில விட்டிருந்தா எளநியும் பழுப்பாயிருக்கும். அப்ப எளநிக்கும் ஒரு ஃபில்டர் வித்திருப்பான். உப்பே இல்லாத தண்ணியில கரண்டு பாயறதுக்கு வழியில்லை, அதனால அவன் டம்ளர் பத்தரைமாத்துத் தங்கமா நின்னுச்சு. இதுல பாக்டீரியா எங்கீங்க வந்துச்சு? டி.டி.எஸ். மீட்டருன்னு ஒண்ணு காட்டியிருப்பானே, அதுவும் கரைஞ்ச உப்பைத்தான் அளக்கும். தண்ணியில கோடிக் கிருமி குடும்பம் நடத்தினாலும் அதுல ஒரு நம்பர் மாறாது.

நான் பக்கத்துல இருந்திருந்தா ஒண்ணே ஒண்ணு கேட்டிருப்பேன். "தம்பி, நீ கொல்றேங்கற கிருமியை மொதல்ல காட்டு, அப்பறம் கொல்லு"ன்னு. பையன் பெட்டியைக் கட்டியிருப்பான். உங்களுக்கு மூணு மாசச் சம்பளம் மிச்சமாயிருக்கும். போகட்டும்.

நானோங்கறது பொய்யின்னு நான் சொல்லவே இல்லீங்க. அது நெசம். நெசமான சரக்கை வச்சுத்தான் நல்லா ஏமாத்தவும் முடியும். பேத்தி காலேஜுல இதையெல்லாம் படிக்கறப்ப, லீவுல வந்து என்னை உக்கார வச்சுப் பாடம் நடத்துவா. பரீட்சைக்குப் படிக்கறதுக்கு அவளுக்கு ஒரு ஆளு வேணும், எனக்கு வெத்தலை இடிச்சுக் குடுக்க ஒரு ஆளு வேணும். அப்படித்தான் எனக்கு விஞ்ஞானம் வந்துச்சு.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் நானோமீட்டராம். நம்ம குடல்ல குடியிருக்கற ஈ.கோலைங்கற பாக்டீரியா ஏறக்குறைய 2,000 நானோமீட்டர் நீளம். அதைக் கொல்ல வர்ற வெள்ளித் துணுக்கு பத்து, இருபது நானோமீட்டர். எதுக்கு அத்தனை பொடியா இடிக்கோணும், கட்டி வெள்ளியைப் போட்டா ஆகாதான்னு கேட்டேன். அவ ஒரு கணக்குப் போட்டுக் காட்டினா. நீளம், அகலம், உயரம் மூணும் ஒரு சென்டிமீட்டர் இருக்கற வெள்ளிக் கட்டி ஒண்ணு எடுத்துக்குங்க. ஒண்ணேகால் பவுனுக்குச் சித்தெ மேல எடை. அதோட ஆறு பக்கமும் சேர்த்து வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே வெட்டி வெட்டி, ஒவ்வொரு துணுக்கும் பத்து நானோமீட்டர் ஆகற வரைக்கும் வெட்டினா, எல்லாத் துணுக்கோட வெளிப்பரப்பும் சேர்த்து 600 சதுர மீட்டர். நம்ம கணக்குல 15 சென்ட்டுக்கு மயிரிழை கொறைச்சல். ஒண்ணேகால் பவுன் வெள்ளிக்குள்ள 15 சென்ட் பூமி! இது அவினாசி ரோட்டுல சைட் போட்டு விக்கறவங்க காதுக்கு இன்னும் போகலைன்னு நெனைக்கறேன்.

வெளிப்பரப்பு எதுக்குன்னா, வெள்ளி வேலை செய்யறது தோலுலருந்துதானுங்க. தோலுலருந்து வெள்ளி அயனியாக் கரைஞ்சு வரும். அது பாக்டீரியாவோட மேல்சவ்வைக் கெடுக்கும், உள்ள பூந்து புரதத்துல இருக்கற கந்தகத்தைப் புடிச்சுக்கும், அதுக்கு மேல அந்தக் கிருமியால மூச்சு விடவும் முடியாது, பெருகவும் முடியாது. அதனால, ஃபில்டருன்னு பேரு போட்டிருந்தாலும் வெள்ளி எதையும் வடிகட்டறதில்லை. விஷம் வைக்குது. வடிகட்டற வேலைக்கு, முன்னாலயே துணியோ மணலோ கரியோ இருக்கோணும். கலங்கத் தண்ணியை நேரா வெள்ளிகிட்ட விட்டீங்கன்னா, மண்ணுக்கு வெள்ளிப்பூண் போட்ட புண்ணியந்தான் மிஞ்சும்.

அந்தப் பையன் இது ஜெர்மன் டெக்னாலஜின்னு சொன்னானாமே? மாப்ள, சென்னை ஐ.ஐ.டி.யில பிரதீப்னு ஒரு வேதியியல் வாத்தியாரு இருக்கறாரு. 2020-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவரும் அவரோட பசங்களும் 2013-லயே அமெரிக்க அறிவியல் அகாடமிப் பத்திரிகையில இதைப் பத்தி எழுதிட்டாங்க. என்ன பண்ணாங்கன்னா, இறால் ஓட்டுலருந்து எடுக்கற கைட்டோசான்னு ஒரு பசை, அதோட அலுமினிய ஆக்ஸி-ஹைட்ராக்சைடு மாவு, ரெண்டையும் சேர்த்துக் கூடு கட்டி, அதுக்குள்ள நானோ வெள்ளியைக் குடி வச்சாங்க. உலை வேண்டாம், அடுப்பு வேண்டாம், சாதாச் சூட்டுலயே செஞ்சிருக்காங்க. வெள்ளித்துணுக்கு கூட்டை விட்டு வெளிய வராது. அயனி மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக் கசியும், லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் கணக்குல. குடிதண்ணியில வெள்ளி 100 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம்னு நம்ம இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது, அதுல பாதிகூட வரலை.

இப்ப உங்க இஞ்சினியர் மூளைக்கு ஒரு கணக்கு. ஒரு பவுன் எடை வெள்ளி, அதாவது 8 கிராம், லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் வீதம் செலவானா எத்தனை லிட்டருக்கு வரும்? ரெண்டு லட்சம் லிட்டர். ஒரு குடும்பத்துக்குக் குடிக்க, சமைக்க நாளைக்குப் பத்து லிட்டர்னு வச்சா 54 வருசம். நெசத்துல கடைசிப் பொட்டு வரைக்கும் கரைஞ்சு வராதுதான், இருந்தாலும் சரக்குக்கு ஆகற செலவு எத்தனை கொறைச்சல்னு தெரியுதுங்களா? ஐ.ஐ.டி.க்காரங்களும், ஒரு குடும்பத்துக்கு வருசத்துக்கு ரெண்டரை டாலர்ல நல்ல தண்ணி குடுக்க முடியும்னுதான் அந்தப் பத்திரிகையில எழுதியிருந்தாங்க. நீங்க குடுத்த பணத்துல பாக்கி எதுக்குப் போச்சுன்னு நான் கேட்கலை. அவன் டை கட்டியிருந்தான், டைக்கும் துணி வாங்கோணுமல்லோ.

அதுக்கும் முன்னால, 2009 டிசம்பர்ல டாடாக்காரங்க ஸ்வச்னு ஒண்ணு விட்டாங்க. அப்ப விலை 749 ரூபாய், 999 ரூபாய். அதுக்குள்ள என்னன்னு நெனைக்கறீங்க? நெல் உமியை எரிச்ச சாம்பல், அதுல நானோ வெள்ளி. உமிச்சாம்பல்ல சிலிக்கா ஏகமா இருக்குது, அது வெள்ளியைத் தாங்கிப் புடிச்சுக்கும். எங்க காலத்துல உமிக்கரியில பல்லு வெளக்கினா, "காட்டான்"னு சொன்ன பட்டணத்துச் சனமெல்லாம் அதே உமியை விலை குடுத்து வாங்கித் தண்ணி வடிச்சுக் குடிச்சுது. எனக்கு அதுல ரொம்பப் புடிச்ச விசயம் வேற. 3,000 லிட்டர் போனதும் அதுல இருக்கற வடிகட்டிக் குமிழ் தானா அடைச்சுக்கும். "இதுக்கு மேல என்னால ஆகாது"ன்னு சொல்லித் தண்ணியை நிறுத்திக்கற மிஷின் அது. அந்த நாணயம் மனுசங்ககிட்ட எங்கீங்க இருக்குது? உங்க பெட்டி எத்தனை லிட்டருக்குன்னு எதுலயாவது எழுதியிருக்குதா, போயிப் பாருங்க. "லைஃப் டைம்"னு போட்டிருக்குதா? யாரோட லைஃப்னு கேட்டு வச்சுக்குங்க.

ரெண்டாவது சந்தேகம். இதைக் கொண்டுபோயி அஞ்சு ஹெச்.பி. மோட்டாரோட டெலிவரிக் குழாயில மாட்டியிருக்கீங்களே, அது எதுக்குங்க? ஊட்டுக்கும், தென்னைக்கும், கட்டுத்தரைக்கும் ஒரே அடியா நானோத் தண்ணின்னு சொன்னீங்களாம். எருமைக்கு வெள்ளித் தண்ணி குடுக்கற மொதல் சம்பந்தி நாமதான், எனக்குப் பெருமையாத்தான் இருக்குது. ஆனா வெள்ளி பொறுமையா வேலை செய்யற ஆளு. கிருமி அதுகூடச் சித்தெ நேரம் உக்காந்து பேசோணும். மோட்டார் தள்ளற வேகத்துல வணக்கம் வைக்கறதுக்குள்ள அது தென்னந்தோப்பு போயிருக்கும். குவாத்தமாலா நாட்டுல 1981-ல ஒரு வேதியியல்காரர் மண்பானை ஃபில்டர் ஒண்ணு செஞ்சாரு. களிமண்ணுல மரத்தூளைப் பெசஞ்சு சூளை வச்சா, தூள் எரிஞ்சுபோயிப் பொடிப்பொடித் துவாரம் நிக்கும். அதுமேல வெள்ளிக் கரைசலைப் பூசிவிட்டாங்க. இன்னைக்கும் எத்தனையோ ஏழை நாட்டுல அதுதான் ஓடுது. அது எத்தனை வேகம் தெரியுங்களா? மணிக்கு ஒண்ணு, ரெண்டு லிட்டர். சொட்டுச்சொட்டாத்தான். அவசரக்காரனுக்கு வெள்ளி ஒத்துவராது மாப்ள.

மூணாவது, நம்ம தண்ணி இருக்குதே, அதோட குணம். இந்தப் பக்கத்துத் தண்ணி உப்புக் காடு. உப்புல இருக்கற குளோரைடு வெள்ளி அயனியைக் கண்டா வுடாது, புடிச்சு வெள்ளிக் குளோரைடா ஒக்கார வச்சுரும். அப்பறம் கிருமியைக் கொல்ல ஏது ஆளு? கடினத் தண்ணியில சுண்ணாம்பு வேற படியும். சட்டியில வெள்ளையாப் படியுதே, அதேதான் ஃபில்டருக்குள்ளயும் படிஞ்சு வெள்ளியை மூடும். ஐ.ஐ.டி.க்காரங்க கூடு கட்டினதே அந்தத் தொந்தரவுக்குத்தான். உங்க பெட்டியில கூடு இருக்குதா, சும்மா வெள்ளி முலாம் பூசியிருக்குதான்னு அந்தப் பையன்கிட்டக் கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. சிரிச்ச மொகமா இருந்தான்னு பேத்தி சொன்னா.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். வெள்ளி பாக்டீரியாவுக்கு எமன்தான். வைரஸ்கிட்ட அத்தனை சடுதியாப் பலிக்காது. கெட்டி ஓடு போட்டுக்கிட்டு வர்ற சில ஒட்டுண்ணிங்க அதைச் சட்டையே பண்ணாதுங்க. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, சாயத்தண்ணி, இதுக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. நொய்யல்ல ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல கட்டி முடிச்சாங்க, பாசனத்துக்குன்னு. திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணி வந்து தங்கி, கீழ இருக்கற கெணறெல்லாம் உப்பாகி, கடைசியில விவசாயிங்களே "அணையைத் தொறக்காதீங்க"ன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. அந்தக் கெணத்துல வண்டி வண்டியா நானோ வெள்ளியைக் கொட்டினாலும் ஒரு தென்னை பொழைக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடால பல்லு பழுப்பேறி எலும்பு வளைஞ்ச சனத்துக்கு ஒகேனக்கல்லருந்து காவிரித் தண்ணியைக் கொண்டுபோகத்தான் வேண்டியிருந்துச்சு. வங்காளத்து ஆர்சனிக்குக்கு அதே பிரதீப் வாத்தியாரு இரும்பை வச்சு வேற சரக்கு செஞ்சாரு, "அம்ரித்"னு பேரு. ஒவ்வொரு சீக்குக்கும் ஒவ்வொரு வைத்தியம். உங்க ஆளு மட்டும் ஒரே பெட்டியில கிருமி, உப்பு, மூட்டுவலி மூணுக்கும் மருந்து வச்சிருக்கான்.

சரி, இதையெல்லாம் கேட்டுட்டு, "நம்ம முன்னோர் அன்னைக்கே கண்டுபுடிச்சுட்டாங்க"ன்னு வாட்ஸ்ஆப்புல போட்டுறாதீங்க. உங்க சித்தப்பா தெனமும் காலையில அதைத்தான் அனுப்பறாரு. பாரசீக ராசா சைரஸ் படையெடுத்துப் போறப்ப, சொந்த ஆத்துத் தண்ணியை வெள்ளிப் பாத்திரத்துல ரொப்பிக் கோவேறு கழுதை வண்டியில ஏத்திக்கிட்டுத்தான் போவாருன்னு கிரேக்க வரலாற்றுக்காரர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்காரு. வெள்ளியோட மகிமைன்னு எல்லாரும் இந்தக் கதையைச் சொல்றாங்க. அதே வரியில இன்னொண்ணும் இருக்குது, அதைச் சொல்றதில்லை. அந்தத் தண்ணியைக் காய்ச்சித்தான் ஊத்துவாங்களாம்! வெள்ளிக்குப் பேரு, அடுப்புக்கு வேலை.

செப்புக் குடமும் நெசந்தானுங்க. பெங்களூருல ஒரு ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 2012-ல சோதிச்சுப் பார்த்து எழுதினாங்க. பேதிக் கிருமிங்களைத் தண்ணியில கலந்து செப்புப் பானையில 16 மணி நேரம் வச்சா, ஒண்ணுகூட மிஞ்சலை. தண்ணியில இறங்கின செம்பும் அளவுக்குள்ளதான். ஆனா 16 மணி நேரம், மாப்ள. ராத்திரி படுக்கறப்ப ஊத்திக் காலையில எந்திரிச்சுக் குடிச்சாப் பத்தாது. அதுவும் புளி போட்டுத் தேச்சு உள்ள செம்பு பளிச்சுன்னு தெரியற பானையா இருக்கோணும். நம்ம அட்டாலியில பச்சைக் களிம்பேறி ஒண்ணு கெடக்குதே, அதை எறக்கிராதீங்க. அந்த முன்னோரு ஊட்டுலயும் பேதி வந்துச்சு, வந்த ஊடு ஒண்ணு ரெண்டு இல்லை. மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தினவங்க எல்லாம் செப்புக் குடத்துலதான் தண்ணி கொண்டுபோனாங்க.

வேடு கட்டறதைச் சொல்லுங்க, அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். குடத்து வாயில துணி கட்டித் தண்ணி வடிப்பா எங்க அமுச்சி. வங்கதேசத்துல ரீட்டா கோல்வெல்னு ஒரு அமெரிக்க அம்மா இதையே ஆராய்ச்சியாப் பண்ணி 2003-ல எழுதினாங்க. பழைய சேலையைப் பல மடிப்பா மடிச்சுக் குளத்துத் தண்ணியை வடிச்சுக் குடிச்ச ஊருங்கள்ல காலரா ஏறக்குறையப் பாதியாக் கொறைஞ்சுது. காலராக் கிருமி தனியா வர்றதில்லை, தண்ணியில நீந்தற பொடிப் பூச்சி மேல ஏறிக்கிட்டு வருது. பூச்சி துணியில சிக்கினா ஏறி வந்தவனும் சிக்கிக்குவான். புதுச்சேலை ஆகாதாம், தொவைச்சுத் தொவைச்சு நூல் பிரிஞ்ச பழைய சேலைதான் வேணுமாம். விக்கறதுக்கு ஆளு கெடைக்காத சரக்கு, அதனாலதான் உங்களுக்கு யாரும் காட்டலை. ஆனா நம்மளது குளத்துத் தண்ணியில்லை, போர்த்தண்ணி, அதுல அந்தப் பூச்சி சவாரி இல்லை. சேலையை அவுத்துராதீங்க.

இப்ப மெயினான சந்தேகத்துக்கு வர்றேன். 900 அடி ஆழத்துத் தண்ணிக்குக் கிருமி எங்கிருந்துங்க வந்துச்சு? மழைத்தண்ணி மண்ணுக்குள்ள மெல்ல மெல்ல எறங்கறப்ப மண்ணே அதைச் சுத்தம் பண்ணி அனுப்பும். இத்தனை நானோ வந்தும் அதுக்கு ஈடா ஒரு ஃபில்டரு இன்னும் வரலை. ஆனா நம்ம பூமி கல்லுப்பூமி. மேமண்ணு கொஞ்சந்தான், கீழ பாறை. பாறையில வெடிப்பு இருந்தாத் தண்ணி மண்ணைத் தொடாம நேராக் கீழ போயிரும். போருக்குக் கேசிங் குழாய் எறக்கினது பாறை தட்டற வரைக்குந்தான். அந்தக் குழாயைச் சுத்தி இடுக்கு இருந்தா, அதுதான் கிருமிக்குப் போட்ட ராஜபாட்டை.

நம்ம போரோட கழுத்தைப் போயிப் பாத்தீங்களா? கேசிங் தரைமட்டத்துக்கு இருக்குது. மூடிக்குப் பதிலாச் சாக்கைத் திணிச்சு வச்சிருக்குது. பக்கத்துலயே கன்னுக்குட்டி கட்டற மொளைக்குச்சி. மழை பேஞ்சா அங்க நிக்கற சாணித்தண்ணி எங்க போகுதுன்னு நெனைக்கறீங்க? அக்கட்டப் பொடக்காணியில, உங்க கல்யாணத்துக்குன்னு கட்டின புதுப் பாத்ரூம். டைல்ஸ் எல்லாம் ஜோரா இருக்குது. அதோட கக்கூஸ் குழியை வாயுமூலையில வெட்டோணும், போரு ஈசான்ய மூலையில இருக்கோணும்னு வாஸ்துக்காரரைக் காரு வச்சுக் கூட்டியாந்தது நீங்கதானுங்க. அந்த மனுசன் மூலையைப் பார்த்தாரு, அடியைப் பார்க்கலை. குழிக்கும் போருக்கும் நடுவுல நான் எட்டு வச்சுப் பார்த்தேன், இருபது அடி தேறாது. கொறைஞ்சது அம்பது அடி இருக்கோணும், அதுவும் மண்ணுப் பூமிக்கு. பாறை வெடிப்பு இருக்கற எடத்துல அம்பதும் போதும்னு சொல்ல முடியாது. ஆக, கிருமியைக் குழியில போட்டு, போருல எடுத்து, வெள்ளியில கொன்னு, டம்ளர்ல குடிக்கறீங்க. ரொம்ப நல்ல ஏற்பாடு. பூரா நம்மூட்டுச் சரக்கு, வெளியாளுது ஒண்ணும் இல்லை.

தண்ணியை டெஸ்ட் பண்ணிராதீங்க, அதை மட்டும் பண்ணிராதீங்க. மனநிம்மதி கெட்டுப்போகும். பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு சின்னப் பாட்டில் இருக்குது. ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்குத் தண்ணி பரிசோதிக்கப் பழக்கியிருக்காங்க. பாட்டில்ல கோடு போட்ட வரைக்கும் தண்ணி ஊத்தி மூடி ஒரு நாள், ரெண்டு நாள் வச்சா, மலக்கிருமி இருந்தாத் தண்ணி கறுத்துப்போகும். 1982-லயே குவாலியர்ல நம்ம ராணுவ ஆராய்ச்சிக்கூடத்துக்காரங்க கண்டுபுடிச்சது. கம்பி வேண்டாம், கரண்டு வேண்டாம். 100 மில்லித் தண்ணியில ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாதுங்கறது இந்தியத் தர நிர்ணயம். எத்தனை இருக்குதுன்னு எண்ணிப் பார்க்கோணும்னா மாவட்டத்துல குடிநீர் வாரிய ஆய்வகம் இருக்குது. இல்லைன்னா உங்க பக்கத்துத் தலையாணியில ஒரு ஆய்வகம் இருக்குதே, அதையாவது கேட்டிருக்கலாம். மைக்ரோபயாலஜியில மெடல் வாங்கின பொண்ணைக் கட்டிக்கிட்டு, பாக்டீரியாவைப் பத்தி டை கட்டினவன்கிட்டக் கேட்ட மொத ஆளு இந்தச் சில்லாவுலயே நீங்கதான். அவ ஒண்ணும் சொல்லலை. சிரிச்சா. அந்தச் சிரிப்பு அவங்க அமுச்சி சிரிப்பு, எனக்கு நல்லாப் பழக்கம்.

அவசரத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, பிளீச்சிங் பவுடர்தானுங்க. நல்ல சரக்கா இருந்தா 1,000 லிட்டர் டேங்குக்கு ரெண்டரை கிராம். ஒரு பக்கெட்டுல கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல்தண்ணியை மட்டும் டேங்குல ஊத்திக் கலக்கி, ஒரு மணி நேரம் வுட்டுரோணும். மூக்குல லேசா வாடை வந்தா நல்லது, அது இன்னும் காவல்ல இருக்குதுன்னு அர்த்தம். குடிக்கறதை நல்லாத் தளதளன்னு கொதிக்க வச்சு ஆத்திக்கலாம். நைட்ரேட்டு மட்டும் கொதிச்சாப் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட ஏறத்தான் செய்யும். கைக்கொழந்தை இருக்கற ஊட்டுல அதை மட்டும் தனியாப் பார்த்துக்கோணும். உங்களுக்கு இன்னும் இல்லை. நான் கேட்டனா? கேட்கலை.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுற வேண்டாம், காசு குடுத்திருக்கீங்க. மோட்டார் குழாயிலருந்து கழட்டிச் சமையக்கட்டுல மாட்டுங்க. குழாயை ஈர்க்குச்சி அளவுக்குத் தொறந்து வுடுங்க. உள்ள போற தண்ணியில ஒரு பாட்டில், வெளிய வர்ற தண்ணியில ஒரு பாட்டில் டெஸ்ட் வச்சுப் பாருங்க. மொதப் பாட்டில் கறுத்து ரெண்டாவது கறுக்கலைன்னா, அந்த டை கட்டின தம்பிக்கு நானே போன் போட்டு மன்னாப்புக் கேட்டுக்கறேன். ரெண்டும் கறுத்தா அவன் நம்பரை எங்கிட்டக் குடுங்க, நான் பேசிக்கறேன். வெளிய வந்த தண்ணியைப் பிடிச்சு வைக்கற பானைக்குக் குழாய் வச்ச மூடிப்பானையா வாங்கிக்குங்க. ஒறம்பரை வந்தா அஞ்சு வெரலும் நனையச் சொம்பை வுட்டுத்தான் மொள்றாங்க, நீங்களும் உட்படத்தான். தண்ணி பொழுதுக்கும் வெள்ளிகூடப் பேசிட்டு வந்தாலும், கடைசியில உங்க வெரலுகூட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் வாய்க்கு வருது.

காலம் முடிஞ்ச ஃபில்டர் சரக்கை மட்டும் எருக்குழியில கொட்டிராதீங்க. எருக்குழியில வேலை செய்யறது பூராவும் பாக்டீரியா. பேதி குடுக்கற பாக்டீரியா எது, சாணத்தை எருவாக்கற பாக்டீரியா எதுன்னு வெள்ளிக்குத் தெரியாது. தயிரு தோயறதும் அந்தச் சாதி சனத்தாலதான். தனியாக் கட்டி வச்சு, எடுத்துக்கறாங்களான்னு கம்பெனிக்காரனையே கேளுங்க.

நாளைக்குக் கொத்தனாரு வர்றாரு, சொல்லிவுட்டுட்டேன். போருக் கழுத்தை ரெண்டு அடி தூக்கி, இரும்பு மூடி போட்டு, சுத்திலும் வெளிப்பக்கம் வாட்டமாத் தளம் போடறதுக்குச் சிமெண்டும் எறக்கியாச்சு. கன்னுக்குட்டியை வேப்பமரத்துப் பக்கம் மாத்திக்கலாம். புதுக் குழி எங்க வெட்டறதுன்னு டேப்பு புடிச்சு அளந்து சொல்ற வேலை உங்களுது, ஒரு முனையைப் பேத்தி புடிச்சுக்குவா. வாஸ்துக்காரருக்குப் போன் போட்டீங்கன்னு கேள்விப்பட்டா, பழைய குழியை அள்ளற அன்னைக்கு வாளி புடிக்க உங்களைத்தான் நிறுத்துவேன்.